ரியர் விண்டோ (1954): ஒரே அறைக்குள் நடக்கும் படத்தைக் காட்சி காட்சியாகப் பிரிப்பது எப்படி?

நூலகத்திண்ணை கேட்டது:

வணக்கம். எங்கள் ஊர்த் திரைப்பட வட்டத்தில் அடுத்த மாதம் ஹிட்ச்காக்கின் 'ரியர் விண்டோ' திரையிடுகிறோம். மறுநாள் 2 மணி நேரம் காட்சிவாரியாகப் பேச வேண்டும், குறிப்பு தயாரிக்கும் வேலை என் தலையில். முதல் படியிலேயே இடிக்கிறது. இடம் மாறினால் காட்சி மாறியது என்று பிரித்துத்தான் பழக்கம். இங்கே 112 நிமிடமும் காலில் மாவுக்கட்டோடு உட்கார்ந்து ஜன்னல் வழியே அக்கம்பக்கத்தைப் பார்க்கும் புகைப்படக்காரன் ஜெஃப்ரீஸின் (சுருக்கமாக ஜெஃப்) அறை, எதிரே முற்றம், அவ்வளவுதான். எதைக் காட்சி என்று எண்ணுவது? ஷாட் ஷாட்டாக எழுதிப் பார்த்தேன், நோட்டு நிரம்புகிறதே தவிர பதற்றம் எங்கிருந்து கிளம்புகிறது என்று பிடிபடவில்லை.

இன்னொன்று. "ஜெஃப் பார்ப்பதை மட்டும்தான் நாமும் பார்க்கிறோம்" என்று படித்த கட்டுரைகளில் எல்லாம் இருக்கிறது. அதையே அடிப்படையாக வைத்துப் பேசலாமா?

(படம் பார்க்காதவர்கள் இழையை இத்தோடு மூடிவிடுங்கள். முடிவு வரைக்கும் பேசப் போகிறோம்.)

---

கத்தரிமேசை எழுதியது:

இடத்தை விடுங்கள், இருட்டைப் பாருங்கள். இந்தப் படத்தில் ஒரு பகுதி முடிந்தால் பெரும்பாலும் திரை முழுக்கக் கறுத்து, பிறகு வேறொரு பொழுதில் திறக்கும். அந்த ஃபேடுதான் உங்கள் எல்லைக்கல். முதல் தடவை பார்க்கும்போது வேறெதுவும் எழுதாமல், கறுக்கும் இடங்களின் நேரத்தை மட்டும் குறியுங்கள். படம் தானாகவே பகுதிகளாக விழுந்துவிடும். ஒவ்வொன்றின் தலையிலும் காலையா, மாலையா, நள்ளிரவா என்று ஒரு சொல் போதும். பாரமவுண்ட் ஸ்டுடியோவில் முற்றம் முழுவதையும் செட்டாகப் போட்டு, வெவ்வேறு பொழுதுக்கான விளக்கமைப்பை முன்னதாகவே தயார் செய்து வைத்துத்தான் எடுத்தார்கள். ஒளிப்பதிவு ராபர்ட் பர்க்ஸ். ஆகவே வெளிச்சம் மாறினால் கதையின் கடிகாரமும் நகர்ந்திருக்கிறது என்று நம்பி எழுதலாம்.

அடுத்து, ஒரு தாளில் முற்றத்தின் வரைபடம் போடுங்கள். மனைவியைக் கொன்றதாக ஜெஃப் சந்தேகிக்கும் தோர்வால்டின் வீடு நேர் எதிரே. அவனுக்கு மேலே நாய் வளர்க்கும் தம்பதி, கீழே தரைத்தளத்தில் தனிமையில் வாடும் மிஸ் லோன்லிஹார்ட்ஸ் (பட்டப்பெயர்தான்). இடது பக்கம் நடனப் பெண்ணின் வீடு, தெருவுக்குப் போகும் ஒடுக்கமான சந்து. வலது பக்கம் இசையமைப்பாளரின் பெரிய கண்ணாடி ஜன்னல். தோர்வால்டு வீட்டில் ஜன்னலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே சுவர் இருப்பதையும், வெளி நடைவழிக்குத் தனி ஜன்னல் இருப்பதையும் கட்டாயம் வரையுங்கள். அவன் சுவருக்குப் பின்னால் மறையும் அந்தச் சில விநாடிகளில்தான் ஜெஃப் மனதுக்குள் கொலையைக் கட்டுகிறான். சந்தில் அவன் தெரிவதும் மறைவதும் வாசலில் யார் எப்போது வருவார் என்ற கணக்கு. வரைபடம் இல்லாமல் ஆரம்பித்தால் பாதி வழியில் எந்த ஜன்னல் யாருடையது என்று குழம்புவீர்கள்.

ஷாட் பட்டியல் ஏன் பலன் தரவில்லை என்றால், "மிட் ஷாட், ஜெஃப் பார்க்கிறான்" என்று எழுதினால் அதில் என்ன இருக்கிறது? மூன்று மூன்றாகக் கட்டுங்கள்: பார்க்கும் முகம், பார்த்த பொருள், மறுபடி முகம். மூன்றும் சேர்ந்து ஒரே வரி. ஜெஃபாக நடிக்கும் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டின் இரண்டாவது முகம் முதல் முகத்திலிருந்து எவ்வளவு மாறியிருக்கிறது என்பதுதான் எழுத வேண்டியது. பல இடங்களில் மாற்றம் மிகக் குறைவு. நடுவில் வைத்த பொருள்தான் முகத்துக்கு அர்த்தம் ஏற்றுகிறது. குலெஷோவ் விளைவு என்பார்களே, ஹிட்ச்காக்கே பிரெஞ்சு இயக்குநர் ட்ரூஃபோவிடம் இந்தப் படத்தை வைத்து அதை விளக்கியிருக்கிறார்.

ஷாட்டை எண்ணுவதைவிட முக்கியமாக, தாளில் நெடுக்காகக் கோடு போட்டு மூன்று பத்திகள் பிரியுங்கள்: ஜெஃபுக்கு இப்போது தெரிந்தது, நமக்குத் தெரிந்தது, தோர்வால்டுக்குத் தெரிந்தது. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் மூன்றையும் நிரப்புங்கள். படத்தின் பெரும்பகுதியில் மூன்றாவது பத்தி காலியாகவே கிடக்கும். அது நிரம்பத் தொடங்கும் இடத்தில் படம் வேறு படமாகிவிடுகிறது. பதற்றம் இந்தப் பத்திகளுக்கு நடுவே உள்ள ஏற்றத்தாழ்வில் இருக்கிறது, ஷாட்டின் அளவில் இல்லை.

விரிவாக எடுக்க வேண்டியவை என் கணக்கில் நான்கு: வசனமே இல்லாத தொடக்கம், மழை இரவு, நாய் செத்த இரவு, ஜெஃபின் காதலி லிசா எதிர்வீட்டுக்குள் நுழைவதிலிருந்து கடைசி வரை. அக்கம்பக்கத்து ஜன்னல்கள் எல்லாம் திருமணத்தின் வெவ்வேறு முகங்கள் என்ற பேச்சை ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுங்கள். உண்மைதான், ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

---

முற்றத்துப்பூனை எழுதியது:

கத்தரிமேசை அண்ணன் சொன்னதோடு ஒத்துப்போகிறேன். அவர் தொடாத கேள்விக்கு வருகிறேன். "ஜெஃப் பார்ப்பதை மட்டும்தான் பார்க்கிறோம்" என்பதை அடிப்படையாக வைக்காதீர்கள், ஏனென்றால் அது தவறு. படத்தின் மிக முக்கியமான இடங்களே அந்த விதியை மீறும் இடங்கள்தான்.

முதல் மீறல் தொடக்கத்திலேயே. மூங்கில் தட்டிகள் ஒவ்வொன்றாக ஏறுகின்றன. கேமரா முற்றத்தைச் சுற்றி வந்து ஜெஃபின் வேர்த்த நெற்றியில் நிற்கிறது. ஆள் தூங்குகிறான்! வெப்பமானி 90 டிகிரிக்கு மேல் காட்டுகிறது. பிறகு மாவுக்கட்டு, நொறுங்கிய கேமரா, பந்தயக் கார் சிதறி சக்கரம் நம்மை நோக்கிப் பறந்துவரும் புகைப்படம், கடைசியில் ஒரு பெண்ணின் நெகட்டிவ், அதே முகம் அட்டையில் வந்த பத்திரிகை அடுக்கு. இவன் யார், கால் எப்படி உடைந்தது, தொழில் என்ன என்பதெல்லாம் ஒரு வார்த்தை பேசாமல் வந்துவிட்டது. இது கேமராவின் பார்வை, ஜெஃபினுடையது அல்ல. தான் நினைத்தால் அவனை விட்டு நகர முடியும் என்று படம் இங்கேயே சொல்லிவிடுகிறது.

இரண்டாவது மீறல்தான் உண்மையான விஷமம். மழை இரவில் தோர்வால்டு மாதிரிப் பெட்டியோடு வெளியே போகிறான், ஜெஃபின் கைக்கடிகாரம் 1:55. திரும்பும்போது 2:35. மறுபடியும் போகிறான். ஜெஃப் கண்ணயர்கிறான். விடியும் நேரம், அவன் தூங்கிக்கொண்டிருக்கும்போதே, தோர்வால்டு கறுப்பு உடை அணிந்த ஒரு பெண்ணோடு வெளியேறுவதைக் கேமரா நமக்கு மட்டும் காட்டுகிறது.

இதைப் பத்தியில் நிரப்பிப் பாருங்கள். பார்வையாளருக்குக் கூடுதலாக ஒன்று தெரிந்தால் பதற்றம் பிறக்கும் என்பது ஹிட்ச்காக்கின் மேசைக்கடியில் வெடிகுண்டு உதாரணத்தோடு எல்லோரும் ஒப்பிக்கும் பாடம். இங்கே நமக்குக் கூடுதலாகத் தெரிந்தது ஜெஃபுக்கு எதிரான சாட்சி. மனைவி உயிரோடு கிளம்பிப் போனாள் என்று துப்பறிவாளர் டாயில் பின்னால் வந்து சொல்லும்போது நாம் அவரை மறுக்க முடியாது, நம் கண்ணாலேயே பார்த்தோமே. ஆனால் அந்தப் பெண் மனைவி அல்ல. அதாவது நமக்கு அதிகம் தெரியும், தெரிந்தது தப்பாகத் தெரியும். இந்த ஒரு ஷாட்டை வெட்டிவிட்டால் டாயில் வெறும் மந்தபுத்திக்காரராகத் தெரிவார், ஜெஃப் ஆரம்பத்திலிருந்தே சரியாகச் சொன்னவன் ஆகிவிடுவான், நடுப்பகுதி முழுக்கச் சவசவத்துப் போகும். கூட்டத்தில் இதை ஒரு பயிற்சியாகவே வைக்கலாம்: அந்த ஷாட் இல்லாமல் டாயில் வரும் காட்சியை ஒருமுறை, அதோடு சேர்த்து ஒருமுறை போட்டுக் காட்டுங்கள்.

மூன்றாவது, நாய் செத்த இரவு. அதுவரை ஜெஃபின் அறையிலிருந்தே எட்டிப் பார்த்த கேமரா, முதன்முறையாக முற்றத்துக்குள் இறங்கி அண்டை வீட்டாரின் முகங்களைப் பக்கத்தில் காட்டுகிறது. காட்சி இருக்கும் இடத்தைக் கவனியுங்கள். டாயில் வந்து வாதத்தை உடைத்துப் போட்டாயிற்று. ஒருவன் மனைவியைக் கொல்லவில்லை என்று தெரிந்ததற்கு நாம் ஏன் இப்படி முகம் தொங்கிக் கிடக்கிறோம் என்று லிசாவே கேட்டாயிற்று. தட்டியை இறக்கி "இன்றைய காட்சி முடிந்தது" என்கிறாள். கதை செத்துவிட்டது. அந்த நொடியில் நாயை வளர்த்தவளின் அலறல். அக்கம்பக்கம் முழுக்க ஜன்னலுக்கு வருகிறது, ஒருவன் மட்டும் வரவில்லை. அவன் ஜன்னல் இருட்டு, உள்ளே புகையும் நெருப்புமுனை மட்டும். ஜெஃபுக்குக் கிடைத்த உருப்படியான ஆதாரம் ஒருவன் எட்டிப் பார்க்காததுதான். மற்ற எல்லாரும் எட்டிப் பார்த்ததை நாம் நெருங்கிப் பார்த்திருந்தால்தான் அது எடுபடும். கேமரா கீழே இறங்கியதற்கு நான் காணும் காரணம் அதுதான். இரக்கம், மனிதநேயம் என்று எழுதுபவர்கள் எழுதட்டும்.

---

ஒலிச்சுருள் எழுதியது:

இரண்டு பேரும் கண்ணுக்குத் தெரிவதைப் பற்றியே சொல்கிறார்கள், நான் ஒலியைப் பற்றிச் சொல்கிறேன். அதற்கு முன் பிரதி.

உங்கள் கையில் இருப்பது எந்த டிஸ்க் என்று முதலில் பாருங்கள். பழைய ஐரோப்பிய டிவிடியாக இருந்தால் விநாடிக்கு 24 ஃப்ரேமில் எடுத்த படம் 25-இல் ஓடும். 112 நிமிடப் படம் ஏறக்குறைய 107½ நிமிடத்தில் முடிந்துவிடும். கட்டுரையில் குறித்த நேரத்துக்கும் உங்கள் திரையில் ஓடும் நேரத்துக்கும் கடைசியில் நாலரை நிமிடம் இடிக்கும், குரல்களும் லேசாகக் கீச்சிடும். நேரத்தைக் குறிப்பவர் எந்தப் பிரதி என்றும் சேர்த்தே எழுத வேண்டும். நிறத்தைப் பற்றிப் பேசுவதாக இருந்தால் 1990-களின் கடைசியில் நடந்த மறுசீரமைப்புக்குப் பிந்தைய பிரதிதான் வேண்டும். அதற்கு முந்தைய வீடியோ பிரதிகளில் வண்ணம் வெளுத்துக் கிடக்கும், அதைப் பார்த்து "மங்கிய மாலை ஒளியை இயக்குநர் வேண்டுமென்றே..." என்று எழுதி மாட்டிக்கொள்ளாதீர்கள்.

கணினியில் படம் ஓட்டும் மென்பொருளான வி.எல்.சி-யில் 'ஈ' (E) விசை ஒவ்வொரு ஃப்ரேமாக முன்னே நகர்த்தும், பின்னே போகாது. ஷிஃப்ட்டோடு இடது அம்பு அழுத்தினால் 3 விநாடி பின்னால் போகலாம். கட் எங்கே விழுகிறது என்று இரு பக்கமும் நகர்த்திப் பார்க்க எம்.பி.வி என்ற இன்னொரு மென்பொருள் சுலபம்: முற்றுப்புள்ளி முன்னே, காற்புள்ளி பின்னே. சப்டைட்டிலை அணைத்துவிடுங்கள். எழுத்து இருந்தால் கண் கீழே போய்விடும், இந்தப் படத்தில் விஷயம் நடப்பதோ ஓரங்களில்.

இப்போது ஒலி. தலைப்பு இசை தாண்டியதும் பின்னணி இசை என்று தனியாக ஊற்றுவது மிகக் குறைவு. கேட்பதெல்லாம் ரேடியோ, பியானோ, யாரோ பாடிப் பழகும் குரல், தெருச் சத்தம், எல்லாம் எங்கோ ஒரு ஜன்னலிலிருந்து வருவதாகவே. தூரத்துப் பேச்சு முற்றத்தைத் தாண்டி வரும்போது சொற்கள் உடைந்து தொனி மட்டும் மிஞ்சும். அதனால் தோர்வால்டு தம்பதியின் சண்டை நமக்குக் கேட்கும், விஷயம் கேட்காது. மழை இரவுப் பகுதியை ஒருமுறை படத்தை மறைத்து, காதில் ஹெட்ஃபோன் மாட்டிக் கேளுங்கள். லிசா கோபித்துக்கொண்டு போனபின் கண்ணாடி உடையும் சத்தம், ஒரு பெண்ணின் அலறல். முடிந்தது. கொலை என்று படம் நமக்குக் கொடுப்பது அவ்வளவுதான். எந்த ஜன்னலிலும் எதுவும் தெரியாது, உடனே மழை கொட்டுகிறது, இரும்புப் படியில் மெத்தை போட்டுப் படுத்திருந்த தம்பதி உருண்டடித்து உள்ளே ஓடுகிறார்கள், அரங்கு சிரிக்கிறது. சிரிப்பில் அலறல் மறந்துபோகிறது. முதல்முறை பார்ப்பவர்களிடம் படம் முடிந்ததும் அலறல் எப்போது வந்தது என்று கேட்டுப் பாருங்கள்.

---

நூலகத்திண்ணை எழுதியது:

மூவருக்கும் நன்றி. ஃபேடு வைத்துப் பிரித்தது நன்றாக வேலை செய்கிறது, வரைபடமும் போட்டாயிற்று. லிசா எதிர்வீட்டுக்குள் போகும் பகுதியை மூன்று பத்தியில் நிரப்பும்போது ஒன்று உறுத்துகிறது. தோர்வால்டு திரும்பி வருவது தெரிந்தால் அவன் வீட்டுத் தொலைபேசியை அடித்து எச்சரிப்பது என்றுதானே ஏற்பாடு? ஏன் அடிக்கவில்லை? திரைக்கதையில் ஓட்டையா? மோதிரக் காட்சியையும் எப்படிக் குறிப்பது என்று சொல்லுங்கள்.

---

கத்தரிமேசை எழுதியது:

ஓட்டை இல்லை திண்ணை, அதுதான் அந்தப் பகுதியின் இயந்திரமே. ஜெஃபிடம் இருப்பது ஒரே தொலைபேசி. லிசா மேலே தேடிக்கொண்டிருக்கும்போது, கீழ்த்தளத்தில் மிஸ் லோன்லிஹார்ட்ஸ் மாத்திரைகளைக் கொட்டி வைத்திருப்பதை நர்ஸ் ஸ்டெல்லா கவனிக்கிறாள். தற்கொலை என்று பயந்து ஜெஃப் போலீஸுக்கு டயல் செய்கிறான். அதே நேரம் இசையமைப்பாளரின் பாட்டு முழுமையாக எழுகிறது, அவள் மாத்திரையை விட்டுவிட்டுக் கேட்க ஆரம்பிக்கிறாள். அப்பாடா என்று நாம் மூச்சுவிடும்போது நடைவழி ஜன்னலில் தோர்வால்டு. ரிசீவர் போலீஸ் பக்கம் மாட்டிக்கொண்டிருக்கிறது, அவன் வீட்டுக்கு மணியடிக்க வழியில்லை. ஒரு உயிரைக் காப்பாற்றப் போன அழைப்பு இன்னொரு உயிரை மாட்டிவிடுகிறது. பிறகு அதே அழைப்பில்தான் ஜெஃப் பேச்சை மாற்றி, ஒருவன் ஒரு பெண்ணைத் தாக்குகிறான் என்று முகவரி சொல்கிறான். இரண்டு வீடும் மேலும் கீழுமாக அமைந்திருப்பதால் ஒரே ஃப்ரேமுக்குள் இரண்டு ஆபத்தும் தெரிய முடியும். வரைபடம் போடச் சொன்னது இதற்காகத்தான். உங்கள் தாளில் இந்த இடத்துக்கு நான்காவதாக ஒரு பத்தி சேருங்கள்: தொலைபேசி யார் கையில்.

மோதிரக் காட்சியில் படிகளைப் பிரித்து எழுதுங்கள். போலீஸ் வந்தாயிற்று, லிசா ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நிற்கிறாள். பின்னால் கட்டிய கையில் மிஸஸ் தோர்வால்டின் மோதிரத்தை விரலில் மாட்டி அதைச் சுட்டுகிறாள். ஜெஃப் நீள லென்ஸ் வழியே பார்க்கிறான், 400 மி.மீ. லென்ஸ் மாட்டிய எக்ஸாக்டா கேமரா அது. தோர்வால்டு அந்தக் கையைக் கவனிக்கிறான். அது யாருக்கான சைகை என்று யோசிக்கிறான். நிமிர்ந்து நேராக நம்மைப் பார்க்கிறான்.

படம் முழுக்கப் பார்க்கும் முகம், பார்த்த பொருள் என்று வந்த மூன்றில், நடுவில் இருந்த பொருள் முதன்முதலாகத் திரும்பிப் பார்க்கிறது. மூன்றாவது பத்தியில் எழுதுங்கள்: "தோர்வால்டுக்குத் தெரியும்." அதுவரை காலியாக இருந்த கட்டம் ஒரு நொடியில் நிரம்பிவிட்டது. ஜெஃபின் முதல் வேலை விளக்கை அணைக்கச் சொல்வது. லிசா முதன்முறை வரும்போது மூன்று விளக்கை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே தன் பெயரைச் சொன்னாள் அல்லவா, இனி அந்த அறையில் வெளிச்சம் ஆபத்து. முன்குறிப்பில் விளக்குகளுக்கும் ஒரு வரி வைத்திருந்தால் இங்கே பயன்படும்.

---

முற்றத்துப்பூனை எழுதியது:

மோதிரம் அவள் விரலில் ஏறியதைத் திருமணத்தோடு முடிச்சுப் போடுவது தவிர்க்க முடியாதது, யாராவது எழுந்து சொல்வார்கள், சொல்ல விடுங்கள்.

கிளைமாக்ஸுக்கு ஒரு விஷயம் மட்டும். போலீஸ் பிடித்துப்போன லிசாவை மீட்க ஸ்டெல்லா ஜாமீன் பணத்தோடு போய்விட்டாள். தொலைபேசி அடிக்கிறது, டாயில் என்று நினைத்து ஜெஃப் எடுத்தவுடன் தோர்வால்டு பற்றிப் பேசிவிடுகிறான், மறுமுனையில் மௌனம். பிறகு காலடி, கதவுக்கடியில் தெரிந்த வெளிச்சக் கோடு அணைவது. இங்கிருந்து, உள்ளே வரும் தோர்வால்டின் கண்ணைக் கூசவைக்க ஜெஃப் எரிக்கும் ஃப்ளாஷ் பல்புகளைக் கவனித்து எழுதுங்கள். அந்தக் கால பல்பு ஒரு முறைதான் எரியும். ஒவ்வொரு தடவையும் எரிந்ததைக் கழற்றிப் புதிதாக மாட்ட வேண்டும், அந்த இடைவெளியில் தோர்வால்டு சில அடி நெருங்குகிறான். காட்சியின் தாளத்தைத் தீர்மானிப்பது எடிட்டர் ஜார்ஜ் டொமாசினியின் கத்தரி மட்டுமல்ல, பல்பு மாட்டும் நேரமும்தான். நடக்கும் அடிகளையும் பல்புகளையும் எண்ணி ஒரு கோட்டில் எழுதினால் கூட்டத்துக்கு உடனே புரியும்.

ஒவ்வொரு வெடிப்புக்கும் பின் திரையில் செம்மஞ்சள் வட்டம் பரவுகிறதே, அது கூசிப்போன தோர்வால்டின் கண். கொலைகாரனின் கண் வழியே பார்க்கும்படி படம் நம்மை உட்கார வைப்பது அங்கேதான். ஜெஃப் பல்பை எரிக்கும் முன் தன் கண்ணைப் பொத்திக்கொள்கிறான். படம் முழுக்கப் பார்த்தவன் பார்க்காமலிருக்கிறான், பார்க்கப்பட்டவன் பார்க்கிறான். தோர்வால்டின் அந்தக் கேள்வியும் இருக்கிறது: "என்னிடமிருந்து உனக்கு என்ன வேண்டும்?" ஜெஃபிடம் பதில் இல்லை. தோர்வால்டாக நடித்த ரேமண்ட் பர் அதை மிரட்டலாகச் சொல்லாமல் களைத்த குரலில் சொல்வதை, முடிந்தால் இரண்டு முறை போட்டுக் காட்டுங்கள்.

---

ஒலிச்சுருள் எழுதியது:

2 மணி நேரத்துக்குள் நான்கு பகுதியும் அடங்குமா என்று கணக்குப் போட்டீர்களா? தொடக்கம் 15 நிமிடம், மழை இரவு 30, நாய் இரவு 20, கடைசிப் பகுதி 40. மிச்சம் 15 கேள்விகளுக்கு. துண்டுகளைத் தனிக் கோப்பாக வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்க்கில் அத்தியாயம் தேடி நிற்பதில் கூட்டம் கலைந்துவிடும். வெட்டும்போது ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் 10 விநாடி சேர்த்தே வெட்டுங்கள், ப்ரொஜெக்டர் படத்தைப் பிடிப்பதற்குள் முதல் ஷாட் போய்விடும். ஸ்பீக்கரையும் முன்கூட்டிச் சோதியுங்கள். அந்த அலறல் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும், ஆனால் மற்ற முற்றத்துச் சத்தங்களைவிடத் தூக்கலாக இருக்கக் கூடாது.